ஒன்பது தட்டும் ஏழு கிளிக்கும்

ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே பின்சக்கரத்தின் பக்கம் காதைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்கிறார் மார்ட்டின். இன்னொரு கை கைப்பிடியில் இருக்கும் கியர் லிவரைத் தட்டுகிறது. டிக். சங்கிலி ஒரு பல்சக்கரத் தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஏறுகிறது.

"டிக்குன்னா டிக்குன்னு விழணும். மத்ததெல்லாம் இன்னா வண்டி?"

இதை அவர் குறிப்பாக யாரிடமும் சொல்வதில்லை. கச்சிராயபாளையம் சாலையில் அவர் சைக்கிள் கடைக்கும் என் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் என்பதால் தினமும் எனக்குக் கேட்கிறது.

ஐம்பதைத் தாண்டிய ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராகக் கடைக்குத்தான் வருவார். சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டிய பிறகே கிரீஸைத் தொடுவார். சுவரில் கொக்கியாக இருப்பது ஒரு பழைய கியர் லிவர். கிளிக் இல்லாதது. விரல் தள்ளிய தூரத்துக்குச் சங்கிலி நகரும், விட்ட இடத்தில் நிற்கும். "அது சட்ட மாட்டத்தான் லாயக்கு" என்பார்.

சில வருஷமாகச் சாதா சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கொடுக்கிறார். வயர் இழுப்பதில் கை சுத்தம். ஒரே ஒரு சங்கடம், எந்த வண்டிச் சாமானும் எந்த வண்டியோடும் சேரும் என்பது அவர் கட்சி. சேரவில்லை என்ற சொல் அவர் வாயில் வராது. கரகரவென்று இரைந்தால், "ரெண்டும் இன்னும் பழகலைங்க. ஓட்டிக்கினே இருங்க, பழகிக்கும்" என்பார். திருக்கோவிலூர் பக்கத்து ஆள் ஒருவர் நம்பி ஓட்டிக்கொண்டே போனார். வண்டி திரும்பி வந்தது குட்டியானை வேனில்.

பாத்திமா டீச்சர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் குடியிருக்கிறார். அவருடைய அங்கன்வாடி அங்கிருந்து இன்னும் உள்ளே, பஸ் போகாத ஒரு சிற்றூரில். அந்த ஊர் ஜனம் விடிந்ததும் பிள்ளைகளை அங்கன்வாடி வாசலில் விட்டுவிட்டுக் கூலிக்குப் போய்விடும். டீச்சர் போனால்தான் பூட்டுத் திறக்கும், அடுப்பு எரியும். அதற்காகத்தான் தன் கியர் சைக்கிளுக்கு மோட்டார் வைக்கச் சொன்னார்.

மார்ட்டினுக்கு மனசு பெரிது. டீச்சர் வண்டியின் பின்சக்கரத்தில் ஏழு தட்டுதான் இருந்தது. மலைக்கு இது காணாது என்று, வேறொரு வண்டியிலிருந்து ஒன்பது தட்டுச் சக்கரத்தைக் கேட்காமலே எடுத்து மாட்டினார். கடைசித் தட்டு சோற்றுத் தட்டு அகலம். ஏற்றத்துக்கென்றே உள்ளது. ஆனால் கைப்பிடியில் இருந்த ஏழு கிளிக் லிவர் அழகாக டிக் டிக் என்று விழுந்துகொண்டிருந்ததால், அதைக் கழற்ற மனசு வரவில்லை. ஏழு தட்டுக்கு அளந்த கிளிக், நெருக்கி அடுக்கிய ஒன்பது தட்டில் எப்படிப் பொருந்தும்? சங்கிலி இரண்டு தட்டுக்கு நடுவில் நின்று அரைத்தது. மோட்டாரும் அந்தச் சங்கிலி வழியாகத்தான் சக்கரத்தை இழுக்க வேண்டும்; அந்தச் சோற்றுத் தட்டை மட்டும் அது எட்டவே இல்லை.

"பழகிக்கும் டீச்சர்" என்று அனுப்பிவைத்தார். பழகியது டீச்சரின் முழங்கால்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மலையிறங்கி வந்து வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினார்.

"மார்ட்டின் அண்ணே, ஏத்தத்துல மோட்டாரு சூடாயி நின்னுபோவுது. தள்ளிக்கினே போறேன். புதங்கெழம மழையில புள்ளைங்க பூட்டுன கதவாண்ட நனைஞ்சிக்கினு நின்னுச்சிங்க."

"ஒரு வாரம் பாருங்க டீச்சர். இன்னும் பழ…"

"பழகலைன்னு சொல்லாதீங்கண்ணே. நான் மலைக்குக் கீழ மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துடறேன். அங்க வேற ஆளு யாரும் வரமாட்டாங்க, பூட்டிக்கெடக்கும். கெடக்கட்டும்."

நான் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து, "டீச்சர், பத்து வருசமா பக்கத்துல கீறோம். எனக்கும் அவருக்குமே இன்னும் பழகலை" என்றேன்.

மார்ட்டின் என் பக்கம் திரும்பவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை. அவர் பார்வை சுவரில் சட்டை தொங்கிய இடத்தில் நின்றது.

"அது இன்னாண்ணே, லிவரு மாதிரி?"

"அது பழசுங்க. கிளிக்கு கெடையாது."

"அதப் போட்டா பெரிய தட்டுல ஏறுமா?"

மார்ட்டின் கொஞ்ச நேரம் துணியில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமான கை.

"ஏறும்."

"ஒம்போதும்?"

"ஒம்போதும் ஏறும். ஆனா டிக்குன்னு விழாது டீச்சர்."

"விழ வாணாண்ணே. மலை ஏறுனா போதும்."

மார்ட்டின் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேறு கொக்கி இல்லை. லிவரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கைப்பிடியில் பூட்டி, கேபிளை இழுத்துக் கட்டினார்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தியதும் டீச்சர் லிவரை விரலால் மெதுவாகத் தள்ளினார். சங்கிலி சத்தமில்லாமல் ஏறத் தொடங்கியது. பெடலைச் சுற்றிக்கொண்டே மார்ட்டின் வழக்கம்போல் சக்கரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினார். சங்கிலி ஒவ்வொரு தட்டிலும் உட்கார உட்கார, நாக்கை மேலண்ணத்தில் தட்டி அவரே சொல்லிக்கொண்டார்: டிக். டிக். சோற்றுத் தட்டு வந்தபோது கொஞ்சம் பலமாக, டிக்.