இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு ஆள்

க்ளெண்டா ராம்ஸ்டென் ஒரு நாளைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. பக்கத்து மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். லங்காஷயர் கடற்கரையில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம், சலவைக் கூடத்துக்கு மேலே, ஜன்னல் திறக்க வராத ஓர் அறை. அங்கே உட்கார்ந்து நோயாளிகள் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. குடும்ப டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வந்து சேரும் நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கும், சிகிச்சை கிடைக்கும் நாளில் நிற்கும். பதினெட்டு வாரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. நிற்காது என்பது ஊருக்கே தெரியும்; ஒரு வருடம் தாண்டினால்தான் மேலிடம் கேள்வி கேட்கும்.

மாதக் கடைசியில் மேலாளர் டாரன் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வருவான்.

"க்ளெண்டா, இந்த முட்டி ஆபரேஷன்காரர் ஒரு வருஷத்த ஒரே ஒரு நாள் தாண்டிட்டாரு. கடிதம் மறுநாள் வந்துச்சுன்னு போட்டா என்ன கொறஞ்சா போயிடும்?"

"அந்த ஒரு நாளும் அவரு வலியோடதானே இருந்தாரு டாரன்? அது எங்க போகும்?"

தலையைத் திருப்பாமலே சொல்லுவாள். அவன் முகம் தொங்கிப்போகும், எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் சில நாள் எனக்கே அவளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அவள் பேனாவை நான் எடுத்தால், எழுதி முடிப்பதற்குள் "திருப்பி வெச்சுடு லின்" என்பாள். திங்கட்கிழமை காலையில் தொண்டை கரகரக்க வருவாள். சளி என்பாள். சனி ஞாயிறு எப்படிப் போச்சு என்றால், "அமைதியா போச்சு." பதினோரு வருடமும் இதே பதில்தான். நானும் அதற்குமேல் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கீத், இரண்டு பெண்கள், பேரப்பிள்ளைகள், காலணி கடிக்கும் நாய் என்று என் கதையைச் சொல்லவே எனக்கு நேரம் போதவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அவளுக்கு நாற்பத்தெட்டு வயது ஆகிவிட்டது, அம்மா போனபிறகு இந்த வேலைக்கு வந்தாள், நியூசிலாந்தில் ஓர் அண்ணன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபரேஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மயக்க மருந்து வாங்கிய நோயாளியுடன் இருபத்துநாலு மணி நேரம் வயதுவந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வார்டில் படுக்கை வேண்டும், படுக்கைக்கு எங்கே போவது? கொடுத்த தேதி இரண்டையும் மறுத்தால் பெயரை நீக்கிவிடுவோம். மறுபடி டாக்டர், மறுபடி கடிதம், கடிகாரம் பூஜ்யத்திலிருந்து. ஏன் மறுத்தார் என்பதற்கு எங்கள் கணினியில் ஒரே காரணம்தான் இருந்தது: 'நோயாளியின் விருப்பம்.' 'கூட இருக்க யாருமில்லை' என்று இன்னொன்று சேர்க்கச் சொல்லி க்ளெண்டா டாரனிடம் மூன்று முறை மல்லுக்கட்டினாள். "ஊர்க் கவலையெல்லாம் உனக்கெதுக்குடி?" என்று நான்தான் அவளை அடக்கினேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் பட்டியலில் அவள் பெயரே வந்து நின்றது. சொந்தப் பதிவை நாங்கள் தொடக்கூடாது, அதனால் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டது. க்ளெண்டா ராம்ஸ்டென். பித்தப்பைக் கல். முப்பத்தோராவது வாரம். இரண்டு தேதியும் மறுப்பு. நோயாளியின் விருப்பம். எத்தனை நாள் அவள் முகம் வெளிறிக் கழிவறையிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள்! அஜீரணம் என்றாள், நானும் புதினா மிட்டாயை நீட்டிவிட்டுப் பேரன் கதையைத் தொடர்ந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

பெயரை நீக்குமுன் நோயாளியிடம் ஒரு முறை போனில் கேட்டாக வேண்டும். எண்ணை அழுத்தினேன். இரண்டடி தள்ளி அவள் கைப்பைக்குள் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி எண். என் பக்கம் திரும்பவில்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"மிஸ் ராம்ஸ்டென்ங்களா? ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம். பிறந்த தேதி சொல்லுங்க."

சொன்னாள்.

"உங்களுக்கு இன்னும் ஆபரேஷன் வேணுங்களா?"

"வேணும்ங்க."

"அப்ப ரெண்டு தேதியையும் ஏன் வேணாம்னீங்க?"

"சௌகரியப்படல."

"வீட்ல கூட இருக்க யாராச்சும் இருக்காங்களா?"

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இல்லீங்க," என்றாள். "பக்கத்து வீட்ல கேக்கலாம்னு போனேன். அவங்களுக்கு என் பேரே தெரியல. திரும்பி வந்துட்டேன். விதிப்படி எடுத்துடுங்க. உங்க மேல தப்பில்ல."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. போனை வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

"ஏண்டி, நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னைக் கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"உனக்குக் குடும்பம் இருக்கு லின்."

"ஒரு நாள் நான் இல்லேன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. கீத்துக்கு ரொட்டி மேல பீன்ஸக் கொட்டிக்கத் தெரியும். ஆள் கெடச்சா மூணாவது தேதி கொடுக்கலாம்ல? கொடுக்கறேன். ஆள் நான்தான்."

"படிவத்துல உறவுன்னு ஒரு கட்டம் இருக்கே," என்றாள் மெதுவாக. "அதுல என்ன போடுவ?"

"பக்கத்து மேசைன்னு போடறேன், போ!"

முப்பத்துநாலாவது வாரம், வியாழக்கிழமை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்ஸியில் அவள் வீட்டுக்குப் போனோம். அன்றுதான் அந்த வாசலை முதன்முதலாக மிதிக்கிறேன். டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் கைப்பிடி உயரத்துக்குப் பழைய செய்தித்தாள்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவற்றை இறக்கப் போனவளை அதட்டி உட்கார வைத்துவிட்டு, நானே தரையில் இறக்கி வைத்தேன். தக்காளி சூப் சூடு பண்ணிக் கொடுத்தேன், நாலு கரண்டி குடித்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். அம்மாவைப் பற்றி, அண்ணனைப் பற்றி, யாரிடமும் சொல்லாத என்னென்னவோ.

"திங்கக்கிழமை என் தொண்டை கரகரங்குமே, அது சளி இல்ல லின். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் யார்கிட்டயும் பேசியிருக்க மாட்டேன். அதான்."

போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

மறுநாள் மதியம் மூன்று மணியிலிருந்தே அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். என் கோட்டைத் தூசி தட்டி வாசலருகே மாட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் கையில் இருந்தது.

"மூணு பத்து. இருபத்துநாலு மணி நேரம் ஆச்சு லின். நீ கெளம்பலாம். ரொம்ப உபகாரம்."

நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தச் செய்தித்தாள் கட்டு அப்படியே இருந்தது. நான் எழுந்ததும் அது மறுபடி ஏறி உட்கார்ந்துவிடும்.

"மூணு பத்தா? நாலு பத்துக்குத்தானே வெளிய விட்டாங்க," என்றேன். "இன்னும் முழுசா ஒரு மணி நேரம் இருக்குடி."

காகிதத்தைப் பார்த்தாள். நர்ஸ் கையெழுத்தில் மூன்று பத்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது எனக்கே தெரிந்தது. டாரனுக்கு ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்காதவள், அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "நாலு பத்துதான். இரு, டீ போடறேன்."