ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்

கழுவுவதற்கு எந்தப் பேருந்து வந்து நின்றாலும் அவர் முதலில் வாளியைத் தொடுவதில்லை. உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்புகிறார். பிறகுதான் இறங்கி வந்து குழாயைத் திறக்கிறார். மாலையில் அந்த வண்டியை எடுக்கும் ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை மறுபடி திருப்ப வேண்டியிருக்கிறது. "கழுவச் சொன்னா வண்டிய எழுதி வாங்கிட்ட மாதிரி உக்காந்துக்கறாரு" என்று பணிமனையில் கேலி.

வண்டி அவர் கையில் இருந்த காலத்தில் பயணிகள் வைத்த பெயர் 'கண்ணாடி அண்ணன்'. அவர் திரும்பிப் பார்த்துப் பேசி யாரும் கண்டதில்லை. எல்லாப் பேச்சும் கண்ணாடி வழியாகத்தான். "கடைசி சீட்டு சார், கைய உள்ள வைங்க. எதுக்க வர்ற லாரிக்காரன் வாங்கிட்டுப் போயிடுவான்."

இனிமையான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கதவு மூடிவிட்டால் யார் ஓடி வந்தாலும் திறக்க மாட்டார். வண்டிக்குள் யாராவது பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டால் அந்த நடை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தொழிற்சங்கத்தில் சேரச் சொல்லிப் போனவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: "அரசியல் நமக்கு வேணாம்ப்பா. எனக்கு ரோடு போதும்."

அரசியல் அவருடைய வண்டியை மறித்துக்கொண்டு வந்தது. தேர்தல் மறுபடியும் தள்ளிவைக்கப்பட்ட அன்று, அதை எதிர்த்து அட்டை பிடித்து நின்றவர்களைக் காவல்துறை அள்ளியது. ஏற்றிப்போக வண்டி போதவில்லை. தெருவில் வந்த நகரப் பேருந்தை நிறுத்தி, பயணிகளை இறக்கிவிட்டு, கைதானவர்களை ஏற்றினார்கள். கைபேசிகளைப் பிடுங்கினார்கள். எண் பலகையில் சேற்றை அப்பினார்கள். இத்தனை ஜாக்கிரதையில் ஒன்றை மறந்தார்கள்: அது அதே தெருவில் அன்றாடம் ஓடும் வண்டி. ஏற்றப்பட்டவர்களில் ஒருவர் அதில் தினமும் போய்வருகிறவர்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கைதான் எப்போதும் அவருக்கு. அன்று உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. பழக்க தோஷத்தில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, "இன்னைக்கு டிக்கெட் இல்லாமப் போறேண்ணே" என்றார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவர் நின்றிருந்ததால் அண்ணன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். காவலர் வளாகத்துக்குள் வண்டியை விட்டு, பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தார். இப்போதும் வேறு எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில், "கதவ நான்தானே திறந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள், இனி வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு. அச்சகத்துக்காரர் மட்டும் திரும்பவில்லை. அவரைக் கைது செய்யவே இல்லை என்றது காவல்துறை. காணாமல் போயிருக்கலாம் என்றார் அமைச்சர். குடை காணாமல் போகும், சாவி காணாமல் போகும். வளர்ந்த மனிதன் ஒருவன் அரசாங்கத்தின் கைக்குள் போய்க் காணாமல் போகமாட்டான், ஆக்கப்படுவான். அவருடைய அம்மாவை யாரோ ஜோசியக்காரரிடம் அழைத்துப் போனார்கள். மகன் வடக்கே நலமாக இருக்கிறான் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார் அவர். ஒரு தாயை இப்படி ஒரு பொய்யிலிருந்து இன்னொரு பொய்க்கு நடக்க வைத்துவிட்டு, குடிமக்களின் உரிமைகளைச் சட்டப் புத்தகத்தில் அச்சிட்டு அடுக்கி வைப்பதில் யாருக்கு என்ன பயன்?

ஒருநாள் அந்த அம்மா மகனுடைய படத்தோடு அதே பேருந்தில் ஏறி, ஒவ்வொரு பயணியிடமும் நீட்டிக்கொண்டே வந்தார். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க பிள்ளை என் வண்டியிலதான் போனாரு."

அந்தக் கைதுகளைப் பற்றி விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையத்திடமும் போய் அதையே சொன்னார். உடனே வண்டியைப் பறித்து, அவரைப் பேருந்து கழுவும் வேலைக்கு அனுப்பினார்கள். நேரில் சாட்சி சொல்லும் நாள் நெருங்கியதும் பணிமனை மேலாளர் அண்ணன் தோளில் கை போட்டார். "பாக்கலன்னு பொய் சொல்லச் சொல்லல. சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லு, போதும். மறுநாளே வண்டி உன் கையில. இல்லன்னா கழுவற வேலையும் நிலைக்காது, பாத்துக்கோ."

அண்ணனின் மனைவி பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவர். இதை எழுதுவதற்காக நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த அன்று மனைவியின் கோபம் இப்படி வந்தது:

"நான் புதுத் துணி கட்டிட்டு நின்னா இவர் கண்ணுல படாது. எவனோ ஒருத்தன் உதடு கிழிஞ்சது மட்டும் பட்டுச்சாம்."

"அவர் பின்னாடி இருந்தாரு. நீ எப்பவும் முன்னாடியில்ல நிக்கற."

மனைவி சிரிக்கவில்லை. "பயமா இருக்கா?"

"இருக்கு."

"மாத்திச் சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடலாம்னுதான் தோணுது" என்று தரையைப் பார்த்தார். "அந்தம்மா முன்வரிசையில உக்காராம இருந்தா நல்லாருக்கும்."

விசாரணை நாளன்று அந்தம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட கூட்ட அறை. சுவரோரம் பணிமனை மேலாளர். காவல்துறையின் வக்கீல் காகிதக் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"வண்டி ஓட்டும்போது நீங்க ரோட்டப் பாப்பீங்களா, பயணியப் பாப்பீங்களா?"

"ரெண்டையும்தான் சார். ரோட்ட மட்டும் பாக்கறவர் லாரி ஓட்டலாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவு கூட்டம். ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இருப்பாங்க. உங்களுக்குச் சரியா ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். இல்லையா?"

மேலாளர் மெல்லத் தலையசைத்தார். அண்ணன் சட்டை முதுகில் வியர்வை படர்வது பின்னாலிருந்த எங்களுக்குத் தெரிந்தது. பிறகு ஆணையத் தலைவரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது நான்." இன்னொன்றை அதற்கு நேர் பின்னால், ஜன்னல் பக்கமாக நகர்த்தினார். "அவர் இங்க. உதட்டுல ரத்தத்தோட. நல்லா ஞாபகம் இருக்கு."

மேலாளர் எழுந்து வெளியே போனார். வக்கீல் புன்னகையோடு, "காலி நாற்காலிதானே" என்று சொல்லி, கக்கத்திலிருந்த கட்டுகளை அதன்மேல் வைக்கக் குனிந்தார். அண்ணன் முந்திக்கொண்டு, கையை விரித்து அந்த இருக்கையின் மேல் வைத்தார், எடுக்கவில்லை.