விரித்துப் பார்க்காத சிவப்புத் துணி

1. பூட்டு உடையவில்லை

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தின் நான்கு காம்பரா அறைகளில், அவர்களின் பழைய சாமான்களைப் பார்வைக்கு வைத்திருக்கும் எங்கள் சிறிய நூதனசாலை இருக்கிறது. பதினோரு வருடமாக நான்தான் பொறுப்பாளர். சனிக்கிழமைகளில் மகள் கவிதா வந்து சாமான்களைத் துடைத்துக் கொடுப்பாள். அன்றும் கண்ணாடி அலுமாரியைத் திறந்து சிவப்புத் துணியை விரித்தாள்.

"அம்மா, துண்டு இல்லம்மா."

துண்டு என்பது அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டி வந்த ஆட்களின் கழுத்தில் நம்பர் அடித்துக் கட்டிய தகரம். அது மாரியாயி அக்காவின் பூட்டனாருடையது. கொழுந்து பறித்து ஓய்ந்த அக்கா அதை நம்பித் தந்திருந்தார். அவர் குடும்பம் கடல் தாண்டி வந்ததற்கு வேறு ஒரு கடதாசியும் கிடையாது.

பொலிஸ்காரர் தகரமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு எழுதினார். பூட்டு உடையவில்லையே, சாவி யாரிடம் என்றார். ஒன்று என்னிடம், மற்றது கவிதாவிடம்.

2. துப்பறியும் புத்தி

நான் துப்பறியும் கதைகளை விடாமல் வாசிப்பவள். பூட்டு உடையாவிட்டால் கதையில் திருடன் வீட்டு ஆள்தான். வெளிநாட்டு நூதனசாலைத் திருட்டுகளைப் பற்றிப் பத்திரிகையில் வரும்போதும் உள்ளே வேலை செய்தவர்களைத்தான் முதலில் தேடுவேன். போன வாரம் கவிதா அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தது ஞாபகம் வந்தது. பின்னேரம் அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நீ எடுத்தியாடி? எடுத்திருந்தா குடுத்துடு, அம்மா திரும்ப வச்சிடுறேன்."

அவள் அழவில்லை. சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கதப் பொஸ்தகம்னா கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுப்பீங்க. எனக்கு மொதப் பக்கத்துலயே முடிச்சிட்டீங்க."

அடுத்த மாதம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

3. மடிப்பு

நானுஓயாவில் வேறொரு திருட்டில் பிடிபட்ட ஒருவன் எங்கள் துண்டையும் ஒப்புக்கொண்டானாம். துண்டு எப்போதோ கைமாறிவிட்டது. பொலிஸில் காட்டிய அவன் படத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் வந்தவன். தன் பாட்டனாரும் இப்படித்தான் வந்தார், ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கண் கலங்கினான். அலுமாரியைத் திறந்து துணியோடு கையில் கொடுத்துவிட்டு, வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதே என்று தேத்தண்ணீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது மடித்த துணியை இரண்டு கையாலும் நீட்டினான். நானும் இரண்டு கையால் வாங்கி, உள்ளே வைத்துப் பூட்டினேன். அழுத மனிதன் முகத்துக்கு நேரே மடிப்பை விரிக்கக் கூச்சமாக இருந்தது. நானே பூட்டியதால் அவன்மேல் சந்தேகம் வரவே இல்லை.

கயிறும் இல்லை, கண்ணாடி வெட்டும் கருவியும் இல்லை. பத்திரிகையில் வந்த வெளிநாட்டுத் திருடர்கள் வேலையாட்கள் மாதிரி உடுத்திப் பட்டப்பகலில் ஏணி வைத்தார்கள். இவன் அழுதான், அவ்வளவுதான்.

மாரியாயி அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"போனது போயிருச்சு தங்கச்சி. புள்ள பேசுதா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கோல் எடுக்கிறாள், தன் அப்பாவுடன் மட்டும் பேசுகிறாள் என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கும்போது, யாராக இருந்தாலும், அவர் முன்னாலேயே விரித்துப் பாருங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். முன்பின் தெரியாதவனிடம் கேட்கக் கூசியதை, நான் பெற்ற பிள்ளையிடம் கூசாமல் கேட்டேன்.