அக்காவின் தலைமுடி போன தடத்தில்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பெரியப்பா வீட்டாருக்கும், மாமா, சித்தி குடும்பங்களுக்கும், அக்காவின் மாணவர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட கட்டுரையை வீட்டின் மூத்த ஆண்பிள்ளை எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை, எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் தங்கை நான்தான் இருக்கிறேன். எனக்கு நிதானமாக எழுத வராது. ஓடி ஓடித்தான் எழுதுவேன், கூடவே வாருங்கள்.

முதலில் ஒன்று. ‘செத்துப்போனவளோட முடியை வெச்சு காலேஜ்ல என்னமோ செஞ்சாங்களாமே?’ என்று உங்களில் பலர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டீர்கள். செய்தோம். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன் அக்காவின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் பேய்க்கதையாகிவிடும்.

அக்கா பிறந்தது லால்குடிக்கு வடக்கே, வாய்க்கால் ஓரத்து ஊரில். அப்பா வயலில் நெல்லும் வரப்பில் மொச்சையும் போட்டவர். நான் தவழும் வயதில் அப்பா தவறிப்போனார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இரண்டு பசுக்களையும் எங்களையும் ஓட்டிக்கொண்டு அம்மா ஸ்ரீரங்கம் வந்தார். அம்மா மண்டபம் சாலையில் ஒரு சின்ன வாடகை வீடு. காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, அதே ஈரப் புடவையோடு பள்ளிக்கூடம் போனவர் அக்கா. எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அவரை என் அம்மா என்று நினைத்தவர்கள் உண்டு.

திருச்சியில் பட்டம் வாங்கி, மெட்ராஸில் ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டத்தோடு அக்கா திரும்பியபோது ஐம்பதுகள் பாதி தாண்டியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலோடு பேரனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா மாத்திரை தரும் டாக்டர் இல்லை என்று புரியவைக்க அம்மா பட்ட பாடு பெரிது. பெரியப்பா ஒரே வரியில் முடித்தார்: “அப்பன் மொச்சை போட்டான். மக மொச்சைக்கே டாக்டராயிட்டா.” அன்று முதல் உறவில் அக்காவுக்கு ‘மொச்சை டாக்டர்’ என்றுதான் பெயர். அக்கா கோபித்துக்கொண்டதே இல்லை.

உண்மையில் பெரியப்பா சொன்னது சரி. மொச்சைக்கொட்டைக்குள் ஒரு புரதம் இருக்கிறது. வேகவைத்தால் அது செத்துவிடும்; பச்சையாக இருக்கும்போது அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு நாள் அக்கா சமையலறையில் எனக்குச் செய்து காட்டினார். ஊசியால் தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்தார். மேலே மொச்சைச் சாறு ஒரு துளி. சில்லை மெல்ல ஆட்ட ஆட்ட, ரத்தம் பால் திரிவது போலத் திரித்திரியாகப் பிரிந்து நின்றது.

“இதுக்குக் கண்ணு கிடையாது, மூக்கு கிடையாது. ரத்தத்தை எப்படி அடையாளம் தெரிஞ்சுக்குது சொல்லு?” என்று கேட்டார்.

 நான் சில்லைக் கையில் வாங்கி இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன்.

“அதோட உருவத்தாலதான். சாவி மாதிரி. அந்த உருவம் எப்படி இருக்குன்னு யாரும் பார்த்ததில்லை. நான் பார்க்கணும்.”

அக்காவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு ஆசைதான். கல்யாணப் பேச்சுகளும், மெட்ராஸிலேயே கிடைத்த நல்ல வேலையும் இதன் முன்னால் நிற்கவில்லை. புரதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே கதிரில் வைத்து, ஃபிலிமில் விழும் புள்ளிகளைக் கணக்கிட்டு உருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்காவின் படிகங்கள் அவர் வேலைக்குச் சேர்ந்த திருச்சிக் கல்லூரியில், அவருடைய அறையில், சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வளர்ந்தன. கதிர் இயந்திரம் மெட்ராஸில். படிகத்தை மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போவார். கதிர் பட்டுப் பட்டு அந்தப் படிகம் செத்துவிடும். அடுத்ததற்காகத் திருச்சிக்குத் திரும்புவார். பல ஆண்டுகள் இப்படியே ஓடின.

அக்காவின் முதல் ஃபிலிமைப் பார்த்த மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர், “அம்மா, நீங்க எடுத்துட்டு வந்தது வெறும் உப்பு” என்றாராம். புரதம் என்று நினைத்து உப்புப் படிகத்தைப் படம் எடுப்பது இந்தத் தொழிலில் நடக்கிற தவறுதான். அது உப்பு இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். அதைக் காட்ட ஒரே வழி, உருவத்தை முழுவதும் முடிப்பது.

அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் உரக்கப் பேச முடியாது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால், “மெதுவா. அது தூங்குது” என்பார் அக்கா. யார் தூங்குகிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அலமாரி முழுக்கக் குழாய்கள் மட்டும் நிற்கும்.

இனி முடி விஷயம். சர்க்கரைப் பாகில் நூல் விட்டால் கற்கண்டு அதைப் பிடித்துக்கொண்டு கட்டும், பார்த்திருப்பீர்கள். படிகமும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் பிறக்கும். அக்கா தன் பின்னலிலிருந்து ஒரு முடியை எடுத்து, பழைய படிகத்தை அதனால் லேசாகத் தடவி, புதுக் குழாய்க்குள் ஒரே ஒரு கோடு இழுப்பார். முடியில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத படிகப் பொடி கூடவே போய் விதையாகும். சில நாளில் முடி போன தடத்திலேயே வரிசையாகப் படிகம் முளைக்கும்.

அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. உதிர்ந்த முடியைச் சுருட்டித் துப்பிப் போடாமல் வெளியே விட்டால் யாராவது செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம். “பொம்பளைப் பிள்ளை முடியைப் போய்க் கண்ட குழாயில விடுறியேடி!” என்று திட்டுவார். “எனக்கு யாரும்மா வைக்கப் போறாங்க? நானே வெச்சுக்கிறேன்” என்று அக்கா சிரிப்பார்.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, கண்ணெல்லாம் மஞ்சளாக அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வாரம் முழுதும் போட்ட வெள்ளைக் கோட்டைத் துவைப்பதற்காக வழக்கம்போலக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தவர், அதன் பிறகு கல்லூரிக்குப் போகவில்லை. காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவு வரும்போதெல்லாம், அவரிடம் ஆராய்ச்சி செய்துவந்த சகாயராஜ் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஆட்டாம வெச்சிருக்கீங்கல்ல?” கடைசியாகப் பேசியதும் அதுதான்.

காரியம் முடிந்து சகாயராஜ் அண்ணன் அறையைத் திறந்தபோது அலமாரி காலியாக இருந்தது. கடைநிலை ஊழியர் முனியாண்டி அண்ணன், டாக்டரம்மா இருந்த இடம் தீட்டாக இருக்கக் கூடாது என்று அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். கலங்கிப்போய் நின்ற குழாய்களையும் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்திருந்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அம்மாவும் அதே வாரம் வீட்டில் இருந்த துணியையெல்லாம் துவைத்துக்கொண்டுதான் இருந்தார். அன்பால் செய்தது.

ஆனால் அதோடு படிகம் வருவது நின்றுவிட்டது. அதே மொச்சை, அதே கரைசல், அதே மேஜை. சகாயராஜ் அண்ணன் தன் முடியைப் போட்டுப் பார்த்தார். ஜட்கா வண்டிக்காரரிடம் கெஞ்சிக் குதிரை வால் முடி வாங்கிப் போட்டார். மாதக்கணக்கில் குழாய்கள் தெளிந்த தண்ணீராக நின்றன. முனியாண்டி அண்ணன் அவரிடம் அழாத குறையாகச் சொன்னார்: “கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி. நான் உள்ள போனா இப்பவும் ‘மெதுவா’ன்னு கேக்குது.” அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார், இன்று வரை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அங்கே தாழ்ந்த குரலில்தான் பேசினேன், ஏன் என்று தெரியாமல்.

எடுத்த படங்கள் பாதிதான். மீதிக்குப் படிகம் இல்லை. இப்படியே விட்டால் அக்காவின் உழைப்புக்குக் கடைசிப் பேச்சு அந்த ‘உப்பு’தான்.

“அக்கா முடி ஏதாவது வீட்டுல இருக்குமா தங்கச்சி? இல்ல, அவங்க போட்ட கோட்டு?” என்று ஒரு நாள் சகாயராஜ் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். வீடு முழுக்கத் தேடினேன். சீப்பைக்கூட அம்மா ஆற்றில் விட்டிருந்தார். கோட்டைப் பற்றிக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது.

“எதுக்குடி?”

சொன்னேன்.

“செத்தவ முடியை வெச்சு என்னடி பண்ணப் போறீங்க? அவ நல்லபடியாப் போயிட்டா. மறுபடி இங்க இழுக்கப் போறீங்களா?”

“இழுக்கலைம்மா. அவ பாதியில விட்டதை முடிக்கணும். முடிக்கலைன்னா உப்புன்னே ஆயிடும்.”

 அம்மா எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய், பரணில் இருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். உள்ளே கோட்டு. “எல்லாத்தையும் துவைச்சாச்சுன்னு ஊருக்குச் சொன்னேன். இதை மட்டும் தண்ணியில போட மனசு வரலை. அவ வாசனை இருக்குடி” என்றார். இதை மலரில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுது. இனிமே யாரு என்னைத் திட்டப் போறா?” என்றார்.

கழுத்துப் பட்டைக்குள் ஒரே ஒரு நீள முடி சிக்கியிருந்தது. கை மடிப்பில் கரைசல் உலர்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. சகாயராஜ் அண்ணன் முறையாகவே செய்தார். தன் முடியை அந்த வெள்ளையிலேயே தேய்த்து ஒரு குழாயில் இழுத்தார். அக்காவின் முடியை அப்படியே எடுத்து அடுத்த குழாயில் இழுத்தார். இரண்டையும் அருகருகே நிறுத்தி, கதவைச் சாத்தினோம், மெதுவாக.

சில நாள் கழித்து ஒரு காலையில் திறந்தபோது, சகாயராஜ் அண்ணன் முடி இழுத்த குழாய் தெளிந்தே நின்றது. அக்காவின் குழாயில், முடி போன தடத்தில், மேலிருந்து கீழே ஒரே கோடாகப் படிகங்கள் நின்றன.

நான் அறிவியல் படிப்பவள். முடியில் விதைப் பொடி ஒட்டியிருந்தது, கை மடிப்பு வெள்ளையில் இருந்த பொடி வீணாகிப் போயிருக்கலாம், என்று என்னால் விளக்கம் சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் காலை அறைக்குள் நின்றபோது விளக்கம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. இப்போது எந்தக் குழாயில் யார் முடியை விட்டாலும் படிகம் வருகிறது. எல்லாம் அந்த ஒரு கோட்டின் பிள்ளைகள். மெட்ராஸில் எடுத்த புது ஃபிலிமை அக்காவின் பழைய ஃபிலிம் மேல் வைத்துப் பார்த்தார்கள். புள்ளி மேல் புள்ளி விழுந்தது. “உப்பு இல்லை” என்றாராம் அதே பேராசிரியர். மீதிக் கணக்கை சகாயராஜ் அண்ணன் தொடங்கிவிட்டார்.

அம்மாவைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். முனியாண்டி அண்ணன் நாற்காலி போட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, என் காதோடு சொன்னார்:

“வகிடு எடுத்த மாதிரி இருக்குடி. நான் அவளுக்கு எடுத்துவிடுற வகிடு.”

அக்காவைக் கடைசி வரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த மாமாவுக்கும், ‘மொச்சை டாக்டர்’ என்று பெயர் வைத்து, தகனத்தன்று அந்தப் பெயரைச் சொல்லியே அழுத பெரியப்பாவுக்கும், சகாயராஜ் அண்ணனுக்கும், முனியாண்டி அண்ணனுக்கும், ஒன்றை மட்டும் துவைக்காமல் வைத்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

திதிக்கு வருகிறவர்கள் காவிரியில் கரைக்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஒரு முடி இருக்கிறது. உருவம் முழுவதும் தெரியட்டும், அப்புறம் கரைக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அதுவரை அது அந்த அறையில்தான் இருக்கும். பார்க்க வாருங்கள். கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.