வளையலுக்குப் போட்ட வெளிச்சம்

என் வீட்டுக்காரரின் கோயில் வேட்டி ஒரு மாதத்துக்கு மேல் துணி காயப்போடும் ஸ்டாண்டில்தான் தொங்கியது. வெள்ளிக்கிழமையானால் அலமாரியைக் குடைந்துவிட்டு, "என் வேட்டி எங்கம்மா?" என்பார். "வளையலுக்குக் கட்டியிருக்கேன், பேண்ட் போட்டுக்கிட்டுப் போங்க" என்பேன். மனுஷன் முனகிக்கொண்டே போவார்.

நூல் வளையல் செய்து இணையத்தில் விற்கிறேன். வளையத்தில் பட்டு நூலைச் சுற்றி, கல் ஒட்டி, புடவைக்குப் பொருத்தமாகத் தருவேன். பகலில் பாலர் பள்ளி வேலை. படம் பிடிக்க மாலைதான் கிடைக்கும். கிள்ளானில் மாலையானால் வானம் கறுத்துவிடும், ஜன்னல் வெளிச்சத்தை நம்பிப் பிழைக்க முடியாது. கூடத்து டியூப் லைட்டில் பிடித்தால் என் கை நிழல் வளையல்மேல் விழுந்தது. வட்ட விளக்கு ஒன்று வாங்கினேன். கல்லுக்குக் கல் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்டூடியோ விளக்குகளின் விலையைப் பார்த்ததும் அந்த ஆசையையே விட்டேன்.

பிறகு நானே ஒரு வழி பண்ணினேன். பிள்ளைகள் படிக்க வாங்கும் மேசை விளக்கில் இரண்டு வாங்கினேன். பல்பு வாங்கும்போது, "சாமா பூத்தே லா, பாஸ்" என்று கடைக்காரரிடம் இரண்டும் ஒரே வெள்ளையாகக் கேட்டு வாங்கினேன். ஒன்று மஞ்சளும் ஒன்று வெள்ளையுமாக இருந்தால் நிறம் கெட்டுவிடும் என்று எங்கோ பார்த்திருந்தேன். விளக்குக்கும் வளையலுக்கும் நடுவே வேட்டியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டேன், வெளிச்சம் மெத்தென்று விழுந்தது. மாஜோங் பேப்பர் என்று விற்கும் பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி மேசைவரை வளைத்து விட்டேன். எதிர்ப்பக்க நிழலைப் போக்க மீன் கடையில் கெஞ்சி வாங்கிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியின் மூடியை நிறுத்தினேன். அதை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் மீன் வாடை போகவில்லை. போகட்டும், படத்தில் வாடை வராது. கூடத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முதல் படத்தை எடுத்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படம் மாதிரி இருந்தது.

அந்தக் கர்வம் நிலைக்கவில்லை. சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. படத்துல சந்தனக் கலரா இருந்துச்சு. கையில வந்தது பால் வெள்ளையா இருக்கு. என் தங்கச்சி நிச்சயத்துக்கு வாங்கினேன்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "படத்த நல்லா பாருங்கம்மா. ரெண்டும் ஒரே கலர்தான்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் அதே நூலில் செய்த இன்னொரு ஜோடியை எடுத்து, அதே மேசையில், அதே விளக்கில் வைத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசல் ஒன்றாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் கண்ணில் கோளாறு என்று திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சாலாக் செலாத்தானிலிருந்து இன்னொருத்தியும் அதையே சொன்னாள். இரண்டு பேருக்குத் தெரிகிற வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை என்றால், கோளாறு யார் கண்ணில்?

அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குள் அது அவர் கண்ணைத் தின்றுவிட்டது. மங்குகிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரியே உட்கார்ந்திருப்பார். எங்களுக்குத் தெரிய வந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அதே இனிப்பு நீர் எனக்கும் வந்துவிட்டது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் கண் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். வேறென்ன?

அந்த வாரம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. நானும் அப்பா மாதிரியே ஆனேன். பள்ளியில் பிள்ளைகள் கிரையானை நீட்டி "டீச்சர், இது என்ன கலர்?" என்றால், "நீயே சொல்லு பார்ப்போம்" என்று தப்பித்தேன். வீட்டில் நூல் கண்டைத் தொடவே இல்லை. நிறம் தெரியாதவள் வளையல் செய்து என்ன கிழிக்கப் போகிறாள்?

சனிக்கிழமை இவருடைய சிநேகிதர்கள் சாப்பிட வருவதாக இருந்தது. "இந்தக் கடையக் கொஞ்சம் தூக்கும்மா, சாப்பாடு எங்க வைக்கிறது?" என்றார். இருந்த எரிச்சலில் விளக்கு, வேட்டி, மூடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். கோபத்தோடு கோபமாக அங்கேயே மறுபடி கட்டி, அவர்கள் பால் வெள்ளை என்று சொன்ன நூலில் செய்த அந்த ஜோடியை வைத்துப் படம் எடுத்தேன்.

படத்தில் பால் வெள்ளையாக இருந்தது. பழைய படத்தைத் திறந்தேன். சந்தனக் கலர். பளிச்சென்று வித்தியாசம் தெரிந்தது! வளையலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அங்கே டியூப் லைட்டில் வெள்ளை. அதை அணைத்து, ஒரு விளக்கைக் கொண்டுவந்து வேட்டியால் மூடி மேசையில் வைத்தேன். சந்தனம்.

"என்னங்க! இங்க வாங்க! இது என்ன கலர்?"

அவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "சந்தனக் கலரு."

"உங்களுக்கும் சந்தனமாத்தான் தெரியுதா?"

"ஏன், நான் குருடா?"

கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போனேன். "இப்ப?"

"வெள்ளை. அட, என்னம்மா இது, மேஜிக்கா?"

மறுபடி கூடத்துக்கு வந்தோம். "எல்லா லைட்டையும் அடச்சிட்டியா?" என்றார். "அடச்சாச்சு, அடச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவருடைய வெள்ளை பனியனில் ஒரு தோள் மட்டும் ரோஸாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தேன். மேசைக்கு நேர் மேலே சாமி மேடை. அதில் இராப்பகலாக எரியும் சிவப்பு பல்பு. போன தீபாவளிக்கு, "கோயில் மாதிரி இருக்கட்டும்" என்று இவர்தான் பெரிய பல்பாக மாற்றியிருந்தார். கூடத்திலிருந்த விளக்கையெல்லாம் அணைத்த எனக்கு அது விளக்காகவே படவில்லை. அது சாமி. அதை யார் அணைப்பார்கள்? வேட்டியைத் தாண்டி வந்த மங்கல் வெளிச்சத்தோடு அந்தச் சிவப்பும் கலந்து வளையலைச் சந்தனமாக்கியிருக்கிறது. அதே சிவப்பில் உட்கார்ந்துகொண்டு நான் படத்தையும் வளையலையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

"முருகா, பல்புதானா!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை.

"வளையலுக்கா இப்படி அழுவுற?" என்று அவர் பதறினார். அப்போதுதான் சொன்னேன். அப்பாவைப் பற்றி, கிளினிக்கில் சொன்னதைப் பற்றி, கிரையானைப் பற்றி. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒரு வாரமா மனசுல போட்டு வச்சிருந்தியா? என்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா?" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

சுபாங் ஜெயாப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, சந்தன நூலில் புது ஜோடி செய்து அனுப்பினேன், சாலாக் செலாத்தான்காரிக்கும் ஒன்று. சாமி பல்பை அணைக்க மனசு வராததால் படுக்கையறையே ஸ்டூடியோ ஆனது. பல்பு அகப்பட்டுக்கொண்டதே, இனி என்ன என்று விட்டுவிட நினைத்தேன். இவர் விடவில்லை. அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கருவிமேல் தாடையை வைத்தேன். அந்த டாக்டர் பெண் வலது கண்ணைப் பார்த்தாள், இடது கண்ணைப் பார்த்தாள், மறுபடி வலது கண்ணைப் பார்த்தாள். "ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு ஆன்டி. வருஷா வருஷம் வந்து காட்டுங்க, போதும்" என்றாள். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தால் நல்ல வெயில். மருந்தால் விரிந்த கண்ணில் ரோடு, லோரி, சுவர் எல்லாம் வெள்ளை வெளேரென்று பாய்ந்தன. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப கூசுதா? நிழல்ல நிக்கிறியா, காரை இங்க எடுத்துட்டு வரேன்."

"வேணாங்க" என்றேன். "கூசட்டும்."