குழிக்குள் ஒரு கிணறு

“பாத்தாச்சுல்ல? தார்ப்பாய மூடணும், போங்க!” கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் ஜெகபர் சாதிக் கத்திவிடுவார். யார் கேட்டாலும் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுவதும் அவர்தான், காட்டிய கையோடு விரட்டுவதும் அவர்தான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது பழைய கதை. உறையூரில் இவர் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினார், கிணறே கிளம்பிவிட்டது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறு. ஈராயிரம் ஆண்டுப் பழசு என்றார்கள். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக உழைத்துவிட்டு வந்து கட்டத் தொடங்கிய வீடு, அன்றோடு லிண்டல் மட்டத்தில் நின்றுபோனது. “எதையும் தொடாதீங்க, வர்றோம்” என்று சொல்லிப் போன தொல்லியல் துறை அதிகாரிகள் இரண்டாவது மழைக்காலம் வந்தும் வரவில்லை. குடும்பம் எடமலைப்பட்டி புதூரில் ஒற்றை அறையில் கிடக்கிறது.

மேடைக்கு மேடை தமிழன் பெருமை முழங்குகிறோமே, அந்தப் பெருமையைத் தன் வீட்டுக் குழியில் வைத்துக் காக்கிறவனுக்கு ஒரு பதில் சொல்ல இங்கே நாதியில்லை. எனக்கு வயிறு எரிகிறது. அதே தெருவில் கிடைத்ததைக் கமுக்கமாக மூடியவர்களெல்லாம் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டார்கள்.

அலுவலகத்துக்குத் தினமும் போன் போடுவார். “சார் ஃபீல்டுல இருக்காருங்க” என்பார்கள். “என் வீட்டுக் குழிய விட்டுட்டு வேற எந்த ஃபீல்டுல இருக்காரு?” என்று இவர் சீறுவார். அந்த வேகத்தில், மனைவி ஷரபுன்னிசா அழைத்தால்கூட எடுத்ததும் “எப்ப வர்றீங்க?” என்றுதான் கேட்பார்.

குழிக்குள் இறங்கினால் மட்டும் குரல் தணிந்துவிடும். “குடம் ஒண்ணு ஒடைஞ்சு கெடக்கு பாருங்க. கயிறு அந்து விழுந்திருக்கும். அன்னைக்கி எந்தப் பொண்ணு யாருகிட்ட திட்டு வாங்குச்சோ!”

போன வாரம், பக்கத்துத் தெருவில் புது வீடு கட்டும் ரெங்கம்மாள் ஓடிவந்தார். “பாய், எங்க குழியிலயும் வட்டமா ஏதோ தெரியுது. மேஸ்திரி கான்கிரீட் போட்டு மூடிடலாங்கறாரு. என்ன செய்யட்டும்?”

“மூடுங்க! வாயத் தொறக்காதீங்க. என்னைய மாதிரி நாசமாப் போகணுமா?”

வழி நெடுக அதையே கத்திக்கொண்டு அந்த அம்மாளோடு போனார். கிணற்றைப் பார்க்க வந்திருந்த நானும் பின்னால் போனேன். குழியை எட்டிப் பார்த்தார். “மூடுங்க, மூடித் தொலைங்க” என்றார் மறுபடியும். பிறகு, மேஸ்திரி பிரிக்கவிருந்த சிமெண்ட் மூட்டையின் மேல் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.