தனசேகரன் ஸ்கேன் மேசையில் படுத்த நாள்

கலையரசிக்கு மறதி என்பதே கிடையாது. கச்சிராயபாளையத்தில் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அப்பா பச்சமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நேர்வழி தனசேகரனின் கரும்புக்காட்டு வரப்பு. அதை முள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டுக் குறுக்கே நின்றான் அந்தப் புண்ணியவான். அம்மா தைலம்மாள் காலில் விழுந்தாள்.

"கூலி ஆளுங்களுக்கு எல்லாம் என் நெலத்துல வழியா? சுத்திக்கினு போங்க" என்றான்.

சுற்றிக்கொண்டுதான் போனார்கள். வாய்க்கால் திருப்பத்திலேயே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. மனுஷனா அவன்?

அந்த ஆத்திரத்தைத் தின்றுதான் கலையரசி வளர்ந்தாள். அம்மா கரும்பு வெட்டிப் படிக்கவைத்தாள். இவள் பிடிவாதமாகப் படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. எந்திரத்தை இயக்கும் வேலைக்கு வந்தாள். கல்யாணம் ஆயிற்று, பிள்ளையும் பிறந்தது. சாமியிடம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த ஆள் ஒருநாள் என் கையில் மாட்டவேண்டும்.

போன தை மாதம் மாட்டினான். தனசேகரனை அவன் மகன் சுபாஷ் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பாம். குழாயை விரித்து ஸ்டென்ட் வைக்கப்போகிற டாக்டர் ஜெயப்பிரகாஷ் முதலில் சி.டி. படம் கேட்டிருந்தார். அடைப்பு எங்கே, எவ்வளவு கெட்டி, கம்பியை எப்படிக் கொண்டுபோவது என்பதை அதைப் பார்த்துத்தான் திட்டம் போடுவார். படம் தெளிவாக விழ, நாடித்துடிப்பு அறுபதுக்குப் பக்கத்தில் இறங்கவேண்டும். மாத்திரை கொடுத்தும் அது தொண்ணூறிலேயே நின்றது.

மேசையில் படுத்தவன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"நீ பச்சமுத்து பொண்ணுதானே?"

துடிப்பு நூறைத் தாண்டியது. கலையரசிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் எதுவுமே செய்யவேண்டாம், சும்மா எதிரில் நின்றால் போதும். படம் கலங்கிப்போகும், டாக்டர் தடுமாறுவார், பழி அவன் துடிப்பின்மேல் விழும். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்று அந்தப் பயத்தை ரசித்தாள். அப்புறம் அது போதாதென்று பட்டது. செத்துப்போனவனுக்கு என்ன உறைக்கும்?

"பச்சமுத்தா? யாருங்க அது? எங்க ஊரு திருக்கோவிலூருங்க" என்றாள், வாய் கூசாமல். "இன்னா பயம்? கண்ண மூடிக்கினு சும்மா படுங்க."

பெருமூச்சு விட்டான். துடிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. படத்தில் ரத்தக்குழாய் தெரிவதற்கான மருந்தை ஊசிவழியே ஏற்றினாள்.

"மூச்ச இழுங்க. அப்படியே புடிங்க."

பிடித்தான். அவள் விடச் சொன்னபோதுதான் விட்டான். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

ஊசியைக் கழற்றும்போது அவன் காதருகே குனிந்தாள்.

"நான் பச்சமுத்து பொண்ணுதாங்க. படம் சுத்தமா வந்துருக்குது. டாக்டரு காப்பாத்திடுவாரு."

"மன்னிச்சிடும்மா."

"மாட்டேங்க. நல்லா நூறு வயசு இருங்க. மூச்சு வுடறப்பல்லாம் எங்கப்பன நெனச்சிக்கினே இருங்க."

சுபாஷ் உள்ளே வந்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, வந்த வழியாகவே, கட்டடத்தைச் சுற்றிப் போகும் பின்கதவுப் பக்கம் திருப்பினான். கலையரசி முன்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"சுத்திக்கினு போவாதீங்க சார். நேரா இப்படியே போங்க."

சுபாஷ் நன்றி சொன்னான். தனசேகரன் தலையைத் தூக்கவே இல்லை.